காம்போசிட் விமானம் கட்டும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இழைத் துணியை ரெசின் என்ற பிசினில் ஊறவைத்து இறுக்கிச் செய்யும் பொருள்தான் காம்போசிட். மாணவர்களால் காம்போசிட் விமானம் கட்ட முடியுமா என்ற கேள்விக்கு 1957-லேயே விடை கிடைத்துவிட்டது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாணவர் குழுவில் உருவான எஃப்எஸ்-24 ஃபீனிக்ஸ் அந்த ஆண்டுதான் பறந்தது. கண்ணாடி இழையும் ரெசினும் கொண்டு கட்டிய முதல் கிளைடர், அதாவது இன்ஜின் இல்லாமல் மிதந்து பறக்கும் விமானம், அது. கணக்கு போடுவதில் இன்றைய மாணவர்கள் கெட்டிக்காரர்கள். சறுக்குவது பெரும்பாலும் பட்டறையில்தான்.

அலுமினியத்தை வாங்கும்போதே அதன் வலிமையும் கூடவே வந்துவிடும். காம்போசிட்டில் அந்தப் பொருளையே நாம்தான் உருவாக்குகிறோம். ஆகவே தயாரிப்பாளர் அச்சிட்டுத் தரும் வலிமை எண்ணை அப்படியே கணக்கில் போடாதீர்கள். அதே துணி, அதே ரெசின், அதே கைகளால் மாதிரித் துண்டுகள் செய்து உடைத்துப் பாருங்கள். வருகிற எண்தான் உங்கள் எண்.

இழையின் திசையிலும் கவனம் வேண்டும். இறக்கை வளைவதைத் தாங்கும் நீண்ட உள் உத்தரமான ஸ்பாரின் மேல், கீழ்ப் பட்டைகளில் இழை நீளவாக்கில் ஓட வேண்டும். முறுக்கைத் தாங்கும் இறக்கையின் வெளித்தோலில் 45 டிகிரி சாய்வாக. அடுக்குகள் நடுவிலிருந்து இருபுறமும் சமச்சீராக இல்லாவிட்டால், மோல்டிலிருந்து (வார்ப்பு அச்சிலிருந்து) எடுத்ததும் தகடு கோணிக்கொள்ளும்.

‘ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும்’ என்பது பாலியெஸ்டர் ரெசினில் பழகியவர்களின் நம்பிக்கை. எபாக்சி என்ற வேறு வகை ரெசினில் அது நடக்காது. மிஞ்சும் ஹார்டனர் உள்ளேயே தங்கி, பாகத்தைப் பலவீனமாக்கும். எடை விகிதமும் கொள்ளளவு விகிதமும் வேறு வேறு என்பதால், தராசில் நிறுத்தே கலக்குங்கள். கலந்ததை ஆழமான கப்பில் விட்டுவைத்தால் சூடேறிப் புகையக்கூடும். அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். கையுறை கட்டாயம். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது.

என்னைக் கேட்டால், மிக ஆபத்தான தவறு ஒட்டுவதில் இருக்கிறது. இறுகிப் பளபளக்கும் பரப்பின் மேல் அப்படியே ஒட்டினால், பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது, ஆனால் ஒட்டு சரியாகப் பிடித்திருக்காது. இறுகுமுன் பரப்பின் மேல் விரித்து, இறுகியபின் உரித்தெடுக்கும் துணியான பீல் பிளையை உரித்தபின், முகமூடி போட்டுக்கொண்டு லேசாகத் தேய்த்து, தூசியை முழுக்கத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அப்புறம் ஒரு மாதிரி இணைப்பைப் பிளந்து பாருங்கள். இழைகள் பிய்ந்து வந்தால் ஒட்டு நல்ல ஒட்டு. பசை வழவழப்பாகக் கழன்று வந்தால் பரப்பைத் தயார் செய்தது சரியில்லை.

தகட்டின் நடுவே வைக்கும் இலேசான ஃபோம் மேல் நேரடியாக போல்ட் முடுக்கினால் அது நசுங்கும். அந்த இடத்தில் கெட்டியான துண்டு பதிக்க வேண்டும். கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். நடுவே ஓர் அடுக்கு கண்ணாடி இழை போதும்.

கடைசியாக வெப்பம். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சி, வெயிலில் சூடேறும்போது இளகத் தொடங்கும். கிளைடர்களுக்கு வெள்ளை நிறம் பூசுவது இதனால்தான். ரெசினுக்குச் சொல்லப்பட்ட வெப்பத்தில் பாகங்களை மீண்டும் பதப்படுத்துங்கள். பறக்கும்போது வரக்கூடிய உச்சச் சுமையின் 1.5 மடங்கை இறக்கையில் ஏற்றிச் சோதிக்கும்போது, குளிர்ந்த கூடத்தோடு நிறுத்தாதீர்கள். கிளைடர் சோதனைகளில் வழக்கமாக வைக்கும் 54 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியும் செய்யுங்கள்.