இள விண்மீன்களில் கோள் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு வானியல் ஆய்வுப் படிப்பா என்று தீபாவளி விருந்தில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். மேகமும் நகர வெளிச்சமும் இங்கே தடைதான். ஆனால் விண்மீன்களின் ஒளியை அளந்து கோள் தேட 2018இல் ஏவப்பட்ட டெஸ் விண்கலத்தின் தரவு எல்லாருக்கும் இலவசம். கிளமெண்டியில் என் வீவக அடுக்குமாடி வீட்டு மேசையிலேயே வேலை நடக்கும். வழுக்கும் இடங்கள் தரவுக்குள்தான் இருக்கின்றன.

பெரிய தவறு, விண்மீனின் கரும்புள்ளியைக் கோள் என்று நம்புவது. இள விண்மீன்கள் வேகமாகச் சுழலும், புள்ளிகளும் பெரியவை. புள்ளி சுழன்று வரும்போது, விண்மீனை ஏதோ ஒன்று இழுத்து ஆட்டுவதுபோல நிறமாலையில் தெரியும். டிடபிள்யூ ஹைட்ரே விண்மீனை 3.56 நாளுக்கு ஒருமுறை சுற்றும் கோள் இருப்பதாக 2008இல் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். அதே ஆண்டில் வேறொரு குழு அகச்சிவப்பில் அளந்தது. ஆட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கோள் இழுத்தால் எந்த நிறத்தில் பார்த்தாலும் ஆட்டம் ஒரே அளவுதான். அது கோள் இல்லை, புள்ளி. அதனால் விண்மீனின் சுழற்சிக் காலத்தை முதலில் கண்டுபிடியுங்கள். உங்கள் கோளின் காலம் அதோடோ அதன் பாதியோடோ ஒத்துப்போனால் கட்டுரை எழுத உட்காராதீர்கள்.

அப்புறம், தரவைச் சுத்தம் செய்யும்போது கோளையும் சேர்த்துத் துடைத்துவிடுவது. ஏயூ மைக் என்ற இள விண்மீன் 4.86 நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது. புள்ளிகளால் அதன் ஒளி சில விழுக்காடு ஏறி இறங்கும். அதன் முதல் கோள் குறுக்கே போகும்போது ஒளியில் விழும் பள்ளமோ கால் விழுக்காடு, அதுவும் சுமார் மூன்றரை மணி நேரம். ஏற்ற இறக்கத்தை நீக்கும் சாளரத்தை, அதாவது ஒரு தடவையில் சராசரி எடுக்கும் கால அளவை, சில மணி நேரமாகச் சுருக்கினால் அந்தப் பள்ளமும் காணாமல் போகும். போலிப் பள்ளம் ஒன்றை நீங்களே தரவில் செருகி, அதே ஆழத்தில் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனை இல்லாத முடிவை நான் ஏற்க மாட்டேன்.

காலத்தையும் அவசரப்பட்டு எழுதாதீர்கள். அதே ஏயூ மைக்கில் டெஸ் முதலில் கண்ட இரண்டு பள்ளங்களுக்கு இடையே 16.9 நாள். நடுவில் வந்திருக்க வேண்டியது தரவு விடுபட்ட நேரத்தில் சிக்கிக்கொண்டது. ஸ்பிட்சர் தொலைநோக்கியும் பார்த்த பிறகுதான் 8.46 நாள் என்பது உறுதியானது.

டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வில்விநாடி அகலம் (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). பக்கத்து விண்மீனின் ஒளியும் உள்ளே விழும், பள்ளம் அதனுடையதாகவும் இருக்கலாம். கையா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில் அக்கம்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

வயது விஷயத்திலும் கவனம் வேண்டும். ஏயூ மைக், ஒன்றாகப் பிறந்த விண்மீன்களான பீட்டா பிக்டோரிஸ் குழுவோடு சேர்ந்து நகர்வதால் ஏறத்தாழ 2 கோடி ஆண்டு என்று சொல்ல முடிகிறது. தனியாக நிற்கும் விண்மீன் வேகமாகச் சுழல்கிறது என்பதற்காக மட்டும் இளசு என்று எழுதாதீர்கள். நெருக்கமான இரட்டை விண்மீனும் அப்படிச் சுழலும். இளமையின் அடையாளமான லித்தியத்தின் கோடு நிறமாலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.