கொலராடோ மலைகளில் வேட்டைக்குப் போகுமுன்: கைப்பேசியில் எந்த வரைபடச் செயலி?

டென்வர், அரோரா, போல்டர் பகுதிகளுக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்து சேரும் நம்மவர்களில் சிலர், உடன் பணிபுரிவோர் அக்டோபரில் ஒரு வாரம் விடுப்பெடுத்து மலையேறி, ஃப்ரீசர் நிறைய எல்க் மான் இறைச்சியோடு திரும்புவதைப் பார்த்துவிட்டு, தாமும் ஒருமுறை போகலாமா என்று கேட்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிவிட்ட நமக்கு, அரசே எண்ணிக்கை வகுத்து உரிமம் விற்று வேட்டையை நடத்துவது சற்று விந்தையாகத்தான் இருக்கும். வாங்க வேண்டியவையும் கற்க வேண்டியவையும் பல உண்டு. ஆனால் புதியவர் தம்மை அறியாமலேயே மீறிவிடக்கூடியது நிலத்தின் எல்லை என்பதால், அதைக் காட்டும் வரைபடச் செயலியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் தகுதி குறித்து இரண்டு செய்திகள். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. ஆகவே உரிமம் வரும்வரை துப்பாக்கியைத் தொட வேண்டாம். ஐயமிருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள், அலுவலக நண்பரிடம் கேட்காதீர்கள். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விச் சான்றிதழ் பெற்றிருந்தால்தான் கொலராடோ பொதுவாக உரிமம் தரும்.

இனி நிலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அரசு நிலமும் தனியார் நிலமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. 1862 முதல் இரயில் நிறுவனங்களுக்கு ஒரு மைல் சதுரங்களாக, ஒன்றுவிட்டு ஒன்று, நிலம் வழங்கப்பட்டதால், வயோமிங் போன்ற இடங்களில் வரைபடம் சதுரங்கப் பலகையைப் போலவே தெரியும். வேலியோ பலகையோ இருந்தால் பார்த்து நடக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. கொலராடோவில் நில உரிமையாளர் தம் நிலத்தை வேலியிட்டோ பலகை வைத்தோ அடையாளப்படுத்த வேண்டிய கடமை இல்லை. அனுமதியின்றி அங்கே வேட்டையாடினால் குற்றம் உங்களுடையது, உரிமத்தையே இழக்க நேரலாம். ஆகவே செயலியில் முதலில் பார்க்க வேண்டியது படத்தின் அழகு அன்று. நீங்கள் நிற்கும் துண்டு நிலம் யாருடையது என்பதை, தொட்டவுடன் பெயரோடு சொல்கிறதா என்பதே முதல் கேள்வி.

எல்லை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கப்படுகிறது என்பதற்கு வயோமிங்கின் எல்க் மவுண்டன் வழக்கை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. மிசௌரி மாநிலத்திலிருந்து வந்த வேட்டைக்காரர்கள், இரண்டு அரசு நிலச் சதுரங்கள் மூலையோடு மூலை தொட்டுக்கொள்ளும் புள்ளியில், 2021ஆம் ஆண்டு ஓர் இரும்பு ஏணியை நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். அந்த மூலையை அவர்கள் கண்டுபிடித்தது கைப்பேசிச் செயலியின் துணையோடுதான். நில உரிமையாளர் பல மில்லியன் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். ஒருவரின் செயலியில் தனியார் நிலத்துக்குள் பதிவாகியிருந்த ஒரே ஒரு வேபாயின்ட்கூட (வரைபடத்தில் குத்தி வைக்கும் இடக்குறி) அவர் அங்கே போனாரா என்ற வாதத்துக்குச் சான்றாக இழுக்கப்பட்டது. 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்ததால் அத்தீர்ப்பு நிலைத்தது. கொலராடோ, வயோமிங், யூட்டா, நியூ மெக்சிகோ ஆகியவை அந்த வட்டாரத்துக்குள் வருகின்றன. மொன்டானா வராது, அங்கே மூலை தாண்டுவது இன்னும் கூடாது என்றே அம்மாநில வனவிலங்குத் துறை சொல்கிறது. எதையும் யோசிக்காமல் திரையில் குத்தி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்த வேபாயின்ட்டை நினைவில் கொள்ளட்டும்.

வண்ணம் உரிமையாளரைச் சொல்லுமே தவிர, அனுமதியைச் சொல்லாது. பெரும்பாலான வரைபடங்களில் மஞ்சள் என்பது பி.எல்.எம். எனப்படும் நில மேலாண்மைத் துறையின் நிலம், பச்சை தேசிய வனம், நீலம் மாநில அரசின் நிலம். மஞ்சளிலும் பச்சையிலும் பொதுவாக வேட்டையாடலாம். ஆனால் கொலராடோவில் நீல நிலம் பள்ளிகளுக்கு வருமானம் ஈட்டுவதற்கென ஒதுக்கப்பட்ட அறக்கட்டளை நிலமாக இருக்கக்கூடும். வேட்டைக்கென மாநிலத் துறை குத்தகைக்கு எடுத்துத் திறந்துவிட்ட பகுதிகளைத் தவிர மற்றவற்றில் பொதுமக்கள் நுழைய முடியாது. வயோமிங்கில் 'வில்டர்னஸ்' என அறிவிக்கப்பட்ட கூட்டாட்சிக் காட்டுப் பகுதிகளில் பெரிய விலங்கு வேட்டையாட வெளிமாநிலத்தவர் வழிகாட்டியுடன் மட்டுமே போகலாம். ஆகவே அரசு நிலம் என்பதோடு நில்லாமல், வேட்டைக்குத் திறந்த நிலம் எது, உங்கள் உரிமத்துக்கு உரிய வேட்டை அலகின் (வேட்டைக்கென மாநிலம் எண்ணிட்டுப் பிரித்த பகுதியின்) எல்லை எது என்பவற்றைத் தனி அடுக்குகளாகக் காட்டும் செயலியே வேண்டும். அத்தோடு, திறந்த வெளியில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஏறத்தாழ 5 மீட்டர் வரை பிசகும்; மரங்களுக்கடியிலும் பள்ளத்தாக்கிலும் இன்னும் கூடும். நில விவரமோ கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகப் பதிவேடுகளிலிருந்து வருவது. அண்மையில் கைமாறிய நிலம் பழைய பெயரிலேயே இருக்கலாம். கோட்டின் மேல் நின்று வாதாடுவதைவிட ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பது மேல்.

இரண்டாவது கேள்வி சிக்னல் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து வருவதால் அதற்கு செல் சிக்னல் தேவையில்லை. தேவைப்படுவது படம்தான், அதை வீட்டு வைஃபையிலேயே பதிவிறக்கிவிட வேண்டும். பணம் கட்டுமுன் இச்சோதனையைச் செய்து பாருங்கள்: போகவிருக்கும் பகுதியைப் பதிவிறக்கியபின் ஏரோப்ளேன் மோடைப் போட்டு, செயலியை மூடித் திறந்து, ஓர் ஓடை தனித்தனி வளைவுகளாகத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். படம் மங்கினாலோ, நிலத்தைத் தொட்டால் உரிமையாளர் பெயர் வராவிட்டாலோ, மலையிலும் அப்படித்தான் இருக்கும். பெரும்பரப்பை ஒரே முறையில் பதிவிறக்கினால் சில செயலிகள் தெளிவைக் குறைத்துவிடும். சிறு சிறு துண்டுகளாக இறக்குவதே நல்லது.

வேட்டைக்கென்றே உருவானவற்றுள் ஆன்எக்ஸ் ஹன்ட் பலரும் பயன்படுத்துவது. 2009இல் மொன்டானாவின் மிசௌலா நகரில், கையடக்க ஜி.பி.எஸ். கருவிகளில் செருகும் சிப்பாகத் தொடங்கிய அதன் வலிமை நில உரிமை விவரம்தான். ஒரே மாநிலத்துக்கு மட்டும் சந்தா எடுக்கலாம் என்பதால், முதல் ஆண்டில் அதுவே போதும் என்பது என் கருத்து. சில அலகுகளுக்கான உரிமம் விண்ணப்பித்தவர்களிடையே குலுக்கலில்தான் கிடைக்கும்; அந்தக் குலுக்கல் வாய்ப்புகளை அலசுவது கோஹன்ட் செயலியின் சிறப்பு. எந்த அலகுக்கு விண்ணப்பிப்பது என்று குழம்புவோருக்கு அது உதவும். கயா ஜி.பி.எஸ். மலைநடையாளர்களுக்கென வளர்ந்தது. கால்டோப்போவை மீட்புக் குழுக்கள் பெரிதும் நம்புகின்றன. சரிவின் செங்குத்தை வண்ணத்தில் பார்க்கவும், தாளில் அச்சிடவும் அதற்கு இணையில்லை. கூகுள் மேப்ஸ் கார் நிறுத்துமிடம் வரை மட்டுமே துணை.

சரிவை ஏன் பார்க்க வேண்டும் என்றால், ஊட்டியே 2,240 மீட்டர் உயரம்தான். எல்க் தேடிப் போகும் இடங்களோ பெரும்பாலும் 2,700 முதல் 3,300 மீட்டர். திரையில் ஒரு கிலோமீட்டர் என்று தெரிவது நடுவில் ஒரு பள்ளத்தாக்கை ஒளித்து வைத்திருக்கலாம். மான் விழுந்தால் அதன் இறைச்சியைக் கால் காலாகப் பிரித்து, ஒரே வழியில் பலமுறை, இருட்டிலும் சுமக்க வேண்டியிருக்கும். காரை விட்டுக் கிளம்பும்போதே அங்கே ஒரு வேபாயின்ட், மான் விழுந்த இடத்தில் ஒன்று, நடந்த வழியின் பதிவு, இம்மூன்றும் இல்லாமல் நகர வேண்டாம். உங்கள் இருப்பிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் செயலியில் எங்கே தெரியும் என்பதையும் பார்த்து வையுங்கள். 911ஐ அழைத்தால் அதைத்தான் கேட்பார்கள்.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். கைப்பேசியைச் சட்டையின் உள்பையில் உடம்போடு வைத்து, பவர் பேங்கையும் அதனருகே வையுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் 1:24,000 அளவுத் தாள் வரைபடம் இணையத்தில் இலவசம்; போகும் பகுதியின் தாளை அச்சிட்டு, ஒரு திசைகாட்டியோடு பையில் போட்டுவிடுங்கள். கொலராடோ வனவிலங்குத் துறையின் வேட்டை வரைபடத் தளமும், வண்டி எந்தப் பாதையில் எப்போது போகலாம் என்று காட்டும் வனத்துறை வரைபடமும் இலவசமே. இவற்றையும் செயலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சோதனைக் காலம் முடிந்தால் சந்தா தானாகவே பிடித்துக்கொள்ளப்படும் என்பதால், வேண்டாம் என்று முடிவெடுத்த செயலியின் சந்தாவை அன்றைக்கே கைப்பேசி அமைப்புகளுக்குள் போய் நிறுத்திவிடுங்கள். செயலியை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது.