எந்த பேக்கேஜ் வேண்டும்? வரிக்கு ஒன்றாக எழுதிவைத்தால் போதும்

ஹார்ட் டிஸ்க் போய், மடிக்கணினியில் டெபியனை (லினக்ஸ் வகைகளில் ஒன்று) மறுபடி நிறுவிய அன்றுதான் உறைத்தது: முன்பு என்னென்ன பேக்கேஜ் (நிறுவும் மென்பொருள் தொகுப்பு) வைத்திருந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. நினைவுக்கு வரவர நிறுவியதில் ஒரு வாரம் ஓடிவிட்டது. அதன்பிறகு செய்துகொண்ட ஏற்பாடு இது. உபுண்டுவிலும் அப்படியே ஓடும்.

முதலில் ஒரு ஃபோல்டர். அதற்குள் 00-அடிப்படை, 10-எழுத்து, 20-நிரலாக்கம் என்று சாதாரண உரைக்கோப்புகள் (லினக்ஸ் தமிழ்க் கோப்புப்பெயரைத் தாராளமாக ஏற்கும்). வரிக்கு ஒரு பேக்கேஜ் பெயர். # போட்டுத் தொடங்கும் வரி நமக்கான குறிப்பு. எதற்காக அந்த பேக்கேஜ் வந்தது என்று அங்கே எழுதுங்கள். யாம்ல், ஜேசன் போன்ற கோப்பு வடிவங்கள் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. வரிக்கு ஒன்று என்றால் வரிகளைத் தேடும் கிரெப், வரிசைப்படுத்தும் சார்ட், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் எல்லாம் தனியாக எதுவும் சொல்லித்தராமலே வேலை செய்யும். ஜென்டூ என்ற லினக்ஸ் வகையின் பேக்கேஜ் கருவியான போர்டேஜ்கூட நாம் கேட்டு நிறுவியவற்றை 'வேர்ல்ட்' என்ற கோப்பில் இப்படித்தான் வைத்திருக்கிறது.

இனி இதை நிரப்புவது. நான் சறுக்கியது இங்கேதான். 'டிபிகேஜி --கெட்-செலக்‌ஷன்ஸ்' கொடுத்து, வந்ததை எல்லாம் கோப்பில் கொட்டிவிட்டேன். அது கணினியில் இருக்கும் அத்தனையையும் தரும்: நான் கேட்டது ஒன்று, அதற்குத் துணையாக வந்த லைப்ரரி பத்து. அந்தப் பட்டியலை வைத்துப் புதிய கணினியில் நிறுவினால், ஆப்ட் (பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் டெபியன் கருவி) எல்லாவற்றையும் 'இவர் கேட்டு வாங்கியது' என்று குறித்துக்கொள்ளும். பிறகு, தேவையற்றுப்போன துணை பேக்கேஜ்களைக் கழிக்கும் 'ஆட்டோரிமூவ்' கட்டளை எதையும் தொடாது; பழைய லைப்ரரிகள் தேங்கிக்கொண்டே போகும்.

கொடுக்க வேண்டிய கட்டளை 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்'. தானாக வந்தவை எவை என்பதை ஆப்ட் 'எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ்' என்ற கோப்பில் தனியே குறித்து வைத்திருக்கிறது. அவற்றை நீக்கிவிட்டு மீதியை இந்தக் கட்டளை காட்டும். 'இருப்பது' ஆப்ட்டின் கணக்கு, 'வேண்டியது' நம் கணக்கு. நம் கோப்பில் இரண்டாவது மட்டுமே இருக்க வேண்டும்.

புதிதாக நிறுவிய கணினி என்றால் வேறு எதையும் தொடுமுன் இந்தக் கட்டளையின் விடையை 00-அடிப்படையில் சேமித்துவிடுங்கள். கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), கிரப் (அதைத் தொடங்கிவைப்பது) எல்லாம் அதில் வரும். அந்தக் கோப்பில் கைவைக்காதீர்கள்.

அடுத்து ஒப்பிடுவது. எல்லாக் கோப்புகளையும் கேட் கொண்டு சேர்த்து, குறிப்பு வரிகளையும் வெற்று வரிகளையும் கிரெப்பால் கழித்து, 'சார்ட் -யு' போட்டால் 'வேண்டியது' பட்டியல் தயார். ஷோமேனுவலின் விடையையும் சார்ட் செய்துகொள்ளுங்கள். இரண்டையும் இதே வரிசையில், பட்டியல்களை ஒப்பிடும் 'காம்' கட்டளைக்குக் கொடுத்தால், -23 நிறுவ வேண்டியதைக் காட்டும். -13 பட்டியலில் இல்லாமல் கணினியில் இருப்பதை. மடிக்கணினியில் வரிசைப்படுத்திய கோப்பை சர்வருக்குக் கொண்டுபோனபோது, கோப்பு வரிசையில் இல்லை என்று காம் முரண்டு பிடித்தது. கோடு, புள்ளி போன்ற குறிகளை எங்கே வைப்பது என்பது மொழி அமைப்புக்கு அமைப்பு மாறும். இந்தக் கட்டளைகளை எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே 'எல்சி_ஆல்' மாறியை 'சி' என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

நிறுவுவது எளிது: -23 பட்டியலை 'ஆப்ட்-கெட் இன்ஸ்டால்' கட்டளைக்குக் கொடுங்கள். முதல் தடவை -எஸ் சேர்த்து ஒத்திகை பாருங்கள்.

நீக்குவதில்தான் பொறுமை வேண்டும். -13 பட்டியலை நேரே 'ரிமூவ்' செய்யாதீர்கள். பட்டியலில் இல்லாத ஒன்றை வேறு பேக்கேஜ் நம்பிக்கொண்டிருக்கலாம், அதுவும் சேர்ந்து போய்விடும். 'ஆப்ட்-மார்க் ஆட்டோ' என்று குறித்துவிட்டு, 'ஆட்டோரிமூவ்' கொடுங்கள். யாருக்கும் தேவைப்படாதது மட்டும் கழியும். அது காட்டும் பட்டியலை வரிவரியாகப் படித்த பிறகே சரி சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: பட்டியலை விண்டோஸில் திருத்திய ஒருவருக்கு எந்த பேக்கேஜுமே கிடைக்கவில்லை. வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டதுதான் காரணம். ஸ்கிரிப்ட்டில் 'டிஆர் -டி' கொண்டு அதைக் கழித்ததும் சரியானது. இன்னொருவர் 32 பிட் பேக்கேஜ்களும் வைத்திருந்தார். அவற்றின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு 'ஐ386' என்று ஷோமேனுவல் காட்டும். கோப்பிலும் அந்த வாலோடே எழுத வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு பட்டியலிலும் அது வந்து நிற்கும்.