பாலத்தின் நடுவில் அணையும் மோட்டார்

1,200 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய பழைய கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள். பிறை ஊரிலிருந்து வேலைக்குப் போனால் பினாங்குப் பாலத்தின் நடுவில் அணைந்துவிடும். பத்து நிமிடம் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பக்கத்துக் கடைக்குப் போய்வந்தால் கோளாறே இல்லை. பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழுவினேன். பட்டறையில் 'காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) போச்சு' என்று அதையும் மாற்றினார்கள். 60 வெள்ளி போனதுதான் மிச்சம்.

ஒன்றைக் கவனித்தேன்: டேங்க் நிரப்பிய நாளில்தான் சீக்கிரம் அணைந்தது. நாலாம் நாள் அணைந்ததும் டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்'ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. ஒரே உதையில் ஸ்டார்ட்! மூடியின் ஊசிமுனைக் காற்றுத்துளையை அழுக்கு அடைத்திருந்தது. டேங்கில் வெற்றிடமாகி பெட்ரோல் இறங்கவில்லை; டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே காற்று குறைவு, அதனால்தான் சீக்கிரம் அணைந்தது. மெல்லிய கம்பியால் குத்தி, பெட்ரோலில் கழுவி மாட்டினேன்.

இரண்டு வாரமாகிறது, அணையவில்லை. அப்பாடா! கழற்றிய பழைய காயில் நல்லாத்தான் இருக்கிறது, சீட்டுக்கடியில் கிடக்கிறது.