கணையக் கட்டியைப் பொசுக்கிய பிறகு ஸ்கேனுக்கு வருகிறவர்களுக்கு

நான் சி.டி. அறையில் டெக்னீஷியன். கணையப் புற்றுநோய்க்கு ஆர்.எஃப்.ஏ. (ரேடியோ அலைச் சூடு) மாதிரி சூடு கொடுத்துக் கட்டியைப் பொசுக்கும் சிகிச்சை முடித்து வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "பழைய ஸ்கேன் டிஸ்க் கொண்டுவந்தீங்களா?" என்பதுதான். ஃபிலிம் கவர் மட்டும் போதாது. சிகிச்சைக்கு முன் எடுத்ததும், முடிந்தபின் முதலில் எடுத்ததும் முழுசாக டிஸ்க்கில் வேண்டும்.

காரணம் இருக்கிறது. கணையத்தில் அதிகம் வருகிற அடினோகார்சினோமா, ரத்த ஓட்டம் குறைவான கட்டி. கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்து) ஏற்றினாலும் மங்கிக் கறுத்தே தெரியும். பொசுங்கிச் செத்த திசுவும் கறுப்புதான். ஒரு நாள் படத்தை மட்டும் பார்த்து எது செத்தது, எது மிச்சம் என்று சொல்வது அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட்டுக்கே சிரமம். பழையதைப் பக்கத்தில் வைத்தால்தான் விடை கிடைக்கும்.

வருவதற்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டாலோ, முன்பு கான்ட்ராஸ்ட் அலர்ஜி வந்திருந்தாலோ, பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைபடாமல் இருக்க வைக்கும் சிறு குழாய்) இருந்தாலோ சொல்லிவிடுங்கள். இங்கே குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் மறுக்காதீர்கள். இரைப்பையும் முன்சிறுகுடலும் நிறைந்தால்தான் கணையத்தின் தலைப்பகுதி தனியாகப் பிரிந்து தெரியும்.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும். போயிருக்காது, பயப்படாதீர்கள். ஏற ஆரம்பித்து சுமார் 40-45 விநாடியில் கணையத்துக்கு ஒரு படம், சுமார் 70 விநாடியில் சிரைகளுக்கும் கல்லீரலுக்கும் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே அளவு மூச்சை இழுத்துப் பிடியுங்கள். முதலில் ஆழமாகவும் அடுத்து மேலோட்டமாகவும் இழுத்தால் கணையம் இடம் மாறிவிடும், ஒப்பிட முடியாது.

அப்புறம் ரிப்போர்ட். முதல் ரிப்போர்ட்டில் அளவு கூடியிருப்பதைப் பார்த்து வராந்தாவிலேயே அழுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கட்டியைத் தாண்டியும் கொஞ்சம் சூடு வைத்திருந்தால், பொசுங்கிய இடம் பழைய கட்டியைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். சுற்றி மெல்லிய, சீரான ஒளிவட்டம் தெரிந்தால் பெரும்பாலும் அது சூட்டினால் வந்த அழற்சி, நாளாக மங்கும். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் முண்டு மாதிரித் தடித்து, அடுத்தடுத்த ஸ்கேனில் வளர்ந்தால்தான் சந்தேகம். சீக்கிரமே பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) எடுத்தால் அழற்சியும் புற்றைப் போலவே ஒளிரும். அதனால் எப்போது எடுப்பது என்பதை டாக்டரிடமே விடுங்கள். கணையப் புற்றின் போக்கைக் கவனிக்க எடுக்கும் சிஏ 19-9 ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் தேதி வரிசையில் கொண்டுபோங்கள்.

குளிர்காய்ச்சல், முதுகுக்குப் பாயும் கடும் வயிற்றுவலி, கறுத்த மலம், ரத்த வாந்தி, கண் மஞ்சளாவது, இதில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். கணைய அழற்சியோ சீழோ ரத்தக்கசிவோ இருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய், கட்டியைப் பொசுக்கிய தேதியை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.