அஃபென்ஸிவ் லைன்மேனை எடைபோடுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் புதிதாகப் பின்தொடர்பவர்கள், உயர்நிலைப் பள்ளி வீரர்களைக் கல்லூரிகள் தேர்ந்தெடுக்கும் ‘ரெக்ரூட்டிங்’ பற்றிப் படிக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் தடுமாறும் இடம் அஃபென்ஸிவ் லைன். ரன்னிங் பேக் எத்தனை யார்டு ஓடினான், ரிசீவர் எத்தனை பந்து பிடித்தான் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. நடுவில் சென்டர், அவனுக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள் என்று நின்று, தங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது எதிராளிகளைத் தடுக்கும் இந்த ஐவருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான புள்ளிவிவரம் கிடையாது. எனவே கண்ணைத்தான் பழக்க வேண்டும். நாம் பார்ப்பது 17 வயதுப் பையனை. கணிக்க வேண்டியதோ 21 வயதில் அவன் எப்படி இருப்பான் என்பதை.

முதல் படி: உடலை அளவிடுதல்

பள்ளி அணியின் பட்டியலில் அச்சிட்டிருக்கும் உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். பட்டியலில் 6 அடி 6 அங்குலமாக இருக்கும் பையன், பயிற்சி முகாமில் காலணியைக் கழற்றி நின்றால் 6 அடி 4 அங்குலமாகிவிடுவது வழக்கமான காட்சி. எடையைப் பொறுத்தவரை, கல்லூரி லைன்மேன் பெரும்பாலும் 300 பவுண்டை, அதாவது 136 கிலோவை ஒட்டி இருப்பான் என்பது உண்மைதான். ஆனால் அந்த எடை இன்றே இருக்க வேண்டும் என்பதில்லை. அகன்ற தோளும் நீண்ட காலுமாக 250 பவுண்டில் இருக்கும் பையன், வயிறு தள்ளிய 330 பவுண்டுப் பையனைவிடப் பல நேரங்களில் நல்ல தேர்வு, ஏனென்றால் கல்லூரியின் உணவும் உடற்பயிற்சிக் கூடமும் எலும்புச் சட்டகம் அனுமதிக்கும் அளவுக்கு எடையைக் கூட்டிவிடும். அவன் பிறந்த மாதத்தையும் பெற்றோரின் உயரத்தையும் விசாரியுங்கள். ஒரே வகுப்பில் படித்தாலும் பத்து மாதம் இளையவனுக்கு வளர இன்னும் இடமிருக்கலாம்.

கையின் நீளம் தனியாகக் கவனிக்க வேண்டியது. தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளப்பார்கள். டேக்கிளுக்கு 33, 34 அங்குலம் எதிர்பார்க்கப்படுவதன் காரணம் எளியது: யாருடைய கை முதலில் எதிராளியின் நெஞ்சைத் தொடுகிறதோ, அவனே அந்த மோதலை நடத்துகிறான். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் இடது டேக்கிளாக விளையாடிய ஜாக் மார்ட்டினின் கை 33 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 2014 இல் தொழில்முறை அணியான டாலஸ் கவ்பாய்ஸ் அவரைக் கார்டாக மாற்றியது. அந்த இடத்தில் அவர் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தார். ஆகவே கை குட்டை என்றால் பையனைத் தள்ளிவிடாமல், உள்ளே நகர்த்தி யோசியுங்கள். பள்ளியில் இருப்பவர்களிலேயே உயரமானவனை டேக்கிளாக நிறுத்துவது வழக்கம் என்பதால், அங்கே அவன் நிற்கும் இடம் கல்லூரியில் மாறுவது இயல்பு.

இரண்டாம் படி: காணொளி

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஹடில் தளத்தில் வீரர்கள் ஏற்றும் ஹைலைட் தொகுப்பில், எதிராளியை மல்லாத்தி விழவைக்கும் ‘பேன்கேக்’ காட்சிகளே நிறைந்திருக்கும். விழுந்தவன் 180 பவுண்டுப் பையனாக இருந்தால் அதிலிருந்து தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. நானும் தொடக்கத்தில் இப்படி ஒரு பையனின் தொகுப்பில் மயங்கி, அவன் பெரிய டேக்கிளாக வருவான் என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். முழு ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான், பந்தை வீசி ஆடும் பாஸ் முயற்சிகளில் அவன் பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். எனவே முழு ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பந்தின் பின்னே கண்ணை ஓட விடாமல், ஒரே காட்சியை மூன்று முறை ஓட்டி, முதலில் பாதம், அடுத்து இடுப்பு, பிறகு கை என்று பாருங்கள்.

இடது டேக்கிள் பாஸ் தடுப்பில் இருக்கும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்டர் பந்தைப் பின்னே கொடுத்ததும், அவனது இடது கால் பின்பக்கமாகச் சாய்வாக வழுக்கிச் செல்கிறது. வலது கால் அதைப் பின்தொடர்கிறது. மூன்றாவது அடியில் காணொளியை நிறுத்துங்கள். இரண்டு பாதங்களுக்கும் இடையே தோளகல இடைவெளி இருக்கிறதா? குதிகால்கள் உரசிக்கொண்டால், நேராக மோதி வரும் எதிராளி அவனை, பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் மடியிலேயே தள்ளிவிடுவான். அடுத்து, முழங்கால் மடிந்து முதுகு நிமிர்ந்திருக்கிறதா, அல்லது இடுப்பில் வளைந்து தலை முன்னே நீள்கிறதா என்று பாருங்கள். தலை முன்னே போனவனை எதிராளி சட்டையைப் பிடித்துத் தரையில் இழுத்துவிடலாம். கைகளை எங்கே வைப்பது என்பதைக் கற்பித்துவிட முடியும். முழங்காலை மடிக்க விடாத இறுகிய இடுப்பைச் சரிசெய்வது கடினம்.

பந்தை ஏந்தி ஓடும் ரன் முயற்சிகளில், மோதிய பிறகும் கால்கள் ஓயாமல் ஓடுகின்றனவா என்பதும், முன்னே ஓடி, எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னே நிற்கும் லைன்பேக்கரைத் தடுக்கும்போது நகரும் ஆளைச் சரியாகப் பிடிக்கிறானா என்பதும் முக்கியம். சில பள்ளிகள் ஓட்டத்தையே நம்பி ஆடுவதால் பாஸ் தடுப்புக் காட்சிகளே அரிதாக இருக்கும். அதைப் பையனின் குறையாக எழுதிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: பிற விளையாட்டுகள்

மேற்சொன்ன இடைவெளியை நிரப்ப மல்யுத்தம், குண்டெறிதல், கூடைப்பந்து ஆகியவை உதவும். அயோவா மாநிலத்தின் மவுண்ட் வெர்னன் பள்ளியில் படித்த டிரிஸ்டன் விர்ஃப்ஸ், மல்யுத்தத்திலும் குண்டெறிதலிலும் வட்டெறிதலிலும் மாநிலப் பட்டம் வென்றவர்; 2020 இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அளவீட்டு முகாமில் 320 பவுண்டு உடலோடு 36.5 அங்குலம் செங்குத்தாகக் குதித்தார். லேன் ஜான்சன் டெக்சாஸ் மாநிலத்தின் குரோவ்டன் பள்ளியில் குவார்ட்டர்பேக்காக இருந்து, ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இடம் மாறி மாறி ஆடி, கடைசியில்தான் டேக்கிள் ஆனார். கூடைப்பந்துக் காட்சி கிடைத்தால் விடாதீர்கள். பந்து வைத்திருப்பவனைப் பக்கவாட்டில் நகர்ந்து மறிக்கும் பெரிய பையனின் கால்களே டேக்கிளின் கால்கள்.

நான்காம் படி: மதிப்பெண், முகாம், நட்சத்திரம்

முதல் தரப் பிரிவில் ஆட, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ 16 அடிப்படைப் பாடங்களையும் அவற்றில் குறைந்தது 2.3 சராசரியையும் கேட்கிறது. இதைத் தொடக்கத்திலேயே விசாரித்துவிடுங்கள். முகாம்களில் நடக்கும் ஒற்றைக்கு ஒற்றை மோதல், பக்கத்தில் துணையின்றித் திறந்த வெளியில் நடப்பதால் தாக்குபவனுக்கே சாதகமானது. அதில் ஒருமுறை தோற்றதைவிட, அடுத்த முறை என்ன திருத்திக்கொண்டான் என்பதே பார்க்கத்தக்கது.

இணையதளங்கள் பள்ளி வீரர்களுக்குத் தரும் தர நட்சத்திரங்களை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டில், 2013 இல் முதல் நான்கு இடங்களில் மூன்றை டேக்கிள்கள் பிடித்தார்கள். முதலாமவரான எரிக் ஃபிஷர், பெரிய கல்லூரிகள் அதிகம் தேடாத சென்ட்ரல் மிச்சிகன் வீரர். நான்காமவர், மேலே சொன்ன அதே ஜான்சன்.

பார்த்து முடித்ததும் பாதம், இடுப்பு, சட்டகம் பற்றி மூன்று வரி எழுதித் தேதியிட்டு வையுங்கள். லைன்மேன்களில் பலர் முதல் ஆண்டை ஆடாமல் உடல் வளர்ப்பதிலேயே கழிப்பதால், அந்தத் தாளை மூன்றாம் ஆண்டு ஆட்டம் ஒன்றை ஓடவிட்டுக்கொண்டு மறுபடி எடுத்துப் படியுங்கள்.