கார்க் கதவை எந்தக் கையால் திறக்கிறீர்கள்?

காரை ஓரங்கட்டியதும் கதவுப் பக்கம் இருக்கும் கையால்தானே கதவைத் திறக்கிறோம்? இனி மற்ற கையால் திறந்து பாருங்கள். கை குறுக்கே நீளும்போது தோளும் தலையும் தானாகத் திரும்பும். பக்கக் கண்ணாடியும் பின்னால் வரும் சைக்கிளும் கண்ணில் படும். நெதர்லாந்துப் பழக்கம் என்று சொல்லப்படும் இதை, பிரிட்டன் 2022இல் தன் சாலை விதிக் கையேட்டிலேயே சேர்த்தது. பின் சீட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள், அவசரத்தில் அவர்களும் கதவைத் தள்ளிவிடலாம்.

சைக்கிளில் போகிறவர்கள் நிற்கும் கார்களை உரசினாற்போல் போக வேண்டாம். ஒரு கதவு முழுதாகத் திறக்கும் அகலம், ஏறக்குறைய ஒரு மீட்டர், விட்டே ஓட்டுங்கள். உள்ளே தலை தெரிந்தால் பிரேக்கில் விரல் இருக்கட்டும். அப்படி விலகி ஓட்டி வருபவரைப் பார்த்து டிரைவர்கள் தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். அவர் வழிமறிக்கவில்லை, கதவுக்குப் பயந்து விலகியிருக்கிறார்.